எழுத்து எல்லாம் சொல்கிறாள், வார்த்தை படிக்க வரவில்லை: எங்கே சிக்குகிறது?

பனையோலை எழுதியது:

குழந்தைக்கு ஐந்தரை வயது. அ முதல் ஔ வரை, க முதல் ன வரை வரிசையாகச் சொல்கிறாள். எழுத்து அட்டைகளைக் கலைத்துப் போட்டுக் காட்டினாலும் முக்கால்வாசி சரி. ஆனால் 'கல்' என்று எழுதிக் காட்டினால் "க… இல்…" என்று சொல்லிவிட்டு "கயில்" என்கிறாள். பக்கத்தில் படம் இருந்தால் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. 'மரம்' என்று எழுதியிருக்கும், "செடி" என்று வாசிப்பாள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் வார்த்தைக்குப் போக வேண்டுமா? ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுத வைப்பது உதவுமா? பென்சிலை முஷ்டிக்குள் வைத்துப் பிடிக்கிறாள், சில எழுத்துகளைத் திருப்பிப் போடுகிறாள், இது கவலைப்பட வேண்டியதா? ண, ன, ந குழப்பத்தை இப்போதே திருத்தணுமா, விட்டுவிடலாமா?

---

கரும்பலகை எழுதியது:

"கயில்" என்கிற இடத்திலேயே விடை இருக்கிறது. மெய்யெழுத்தை நாம் "இக், இங், இச், இஞ்" என்று சொல்லிக்கொடுக்கிறோம். தனியாக உச்சரிக்க முடியாது என்பதால் முன்னால் ஓர் 'இ' போட்டுக்கொள்கிறோம். பெரியவர்களுக்கு அந்த 'இ' கணக்கில் இல்லை என்று தெரியும். குழந்தைக்கு யாரும் சொல்லவில்லை. அவள் க-வையும் இல்-லையும் நேர்மையாகச் சேர்க்கிறாள், கயில் வருகிறது. பிழை அவளுடையதில்லை.

மாற்று வழி: மெய்யைத் தனியாகச் சொல்லவே வைக்காதீர்கள். முன்னெழுத்தின் வாலாகவே காட்டுங்கள். ஓர் அட்டையில் 'ல்' மட்டும் பெரிதாக எழுதி வையுங்கள். இடது பக்கம் க, ப, ம என்று அட்டையை மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டி நீங்களே கல், பல், மல் என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். மல் என்றால் அர்த்தம் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை. நான்கைந்து தடவை கேட்டதும் அவளே அடுத்த அட்டைக்குச் சொல்ல ஆரம்பிப்பாள். பிறகு 'ம்', 'ட்', 'ப்', 'க்' இதே மாதிரி.

எழுத்துகளைச் சேர்க்கும்போது "ப… ட… ம்… சேர்த்துச் சொல்லு" என்று கேட்காதீர்கள். மூன்றாவதுக்கு வரும்போது முதலாவது மறந்திருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றுங்கள்: முதலில் 'ப' மட்டும் தெரியட்டும், மீதியை விரலால் மூடுங்கள். விரலை நகர்த்தி 'பட'. இன்னும் நகர்த்தி 'படம்'. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் விரல் தேவைப்படாமல் போகும்.

247 முடிக்கும் வரை காத்திருக்கவே வேண்டாம். எண்ணிப் பாருங்கள். க, ட, ப, ம, ல, கூடவே அ, ஆ, புள்ளி, துணைக்கால் (ா). மொத்தம் ஒன்பதே ஒன்பது. இவற்றை வைத்து: கல், பல், பால், கால், கடல், பகல், மடல், படம், பாடம், பட்டம், கட்டம், பக்கம், பாகம், பாலம், காலம், கம்பம், காகம், கப்பல், பாடல், ஆடல், ஆட்டம், அம்மா, அப்பா, அக்கா, மாமா, பாப்பா. இன்னும் வரும். "காகம் கப்பல்" என்று ஒரு சிரிப்பு வரியே எழுதலாம். குழந்தை அதிக எழுத்து தெரிந்தால் படிக்க ஆரம்பிக்கும் என்பதில்லை. தெரிந்த நாலு எழுத்தில் படிக்க முடிகிறது என்று கண்டதும்தான் மீதி எழுத்து மேல் ஆசை வரும்.

ட-வும் ப-வும் முதலில் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இரண்டும் நேர்கோடு, கைக்கு எளிது. அ, இ, ஐ இவை மூன்றும் எழுதக் கடினமான எழுத்துகள். அகரவரிசையில் முதலில் நிற்கின்றன என்பதற்காகக் குழந்தை அங்கிருந்துதான் எழுதத் தொடங்கணும் என்று எந்த விதியும் இல்லை. அகரவரிசை அகராதி பார்ப்பவருக்கு.

அட்டைப் படங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. 'அ' அம்மா, 'ஆ' ஆடு என்று முதலெழுத்துக்குப் படம் போடுவது உயிருக்குச் சரி. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இந்த எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதவை. அதனால் 'ண'வுக்கு எதையாவது வலிந்து போடுவார்கள், குழந்தைக்கு ஒலி மனதில் நிற்காது. 'கண்' என்று எழுதி ண்-ணுக்கு மட்டும் நிறம் கொடுங்கள். ழ-வுக்குப் 'பழம்', ள-வுக்கு 'வாள்'.

படம் பார்த்து ஊகிப்பது: படத்தை மூடுங்கள், அவ்வளவுதான். வார்த்தையைப் படித்த பிறகு படத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம். படம் பரிசு, துப்பு அல்ல. நிஜமாகவே எழுத்தைப் படிக்கிறாளா என்று தெரிய வேண்டுமானால் பொருளில்லாத வார்த்தை கொடுங்கள்: லபம், மகட, டாப்பல். மனப்பாடம் செய்த குழந்தை இங்கே நின்றுவிடும், படிக்கத் தெரிந்த குழந்தை சிரித்துக்கொண்டே சொல்லும்.

நேரம்: ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்குப் பத்து நிமிடம். ஒரே அடியாக ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் கடைசி ஐம்பது நிமிடம் இருவருக்கும் தண்டனை. புது எழுத்து வாரத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

---

செவிவழி எழுதியது:

கரும்பலகை சொன்னதில் எதையும் மறுக்கவில்லை, ஆனால் ஒரு விஷயம் விடுபட்டுப்போச்சு. தமிழ்க் குழந்தை பேசுவது ஒன்று, புத்தகத்தில் பார்ப்பது வேறொன்று. குழந்தை வாயில் இருப்பது "எல", பக்கத்தில் இருப்பது 'இலை'. "கொட" என்கிறது, அச்சில் 'குடை'. எடம்–இடம், ஒடம்பு–உடம்பு, மொகம்–முகம், வெல–விலை, நெலம்–நிலம். எழுத்துக்கூட்டிச் சரியாகவே 'இலை' என்று சொல்லிவிட்டு, அது என்னவென்று தெரியாமல் முழிக்கும். நாம் அதைப் பார்த்து "இன்னும் படிக்க வரலை" என்று முடிவு கட்டுகிறோம். படிக்க வந்துவிட்டது. சொல்தான் காதில் இல்லை.

'கல்' கூட அப்படித்தான். பேச்சில் அது "கல்லு". பல் "பல்லு", பால் "பாலு", கண் "கண்ணு". அதனால் முதல் வாரத்து வார்த்தைகளைத் தேர்ந்தெடுக்கும்போது பேச்சும் எழுத்தும் ஒன்றாக இருப்பவற்றை முன்னால் வையுங்கள்: அம்மா, அப்பா, அக்கா, தாத்தா, பாட்டி, மாமா, பாப்பா, பூ, தீ, காடு, ஆடு, பாட்டு. உறவுச் சொற்கள் பொன்னானவை. பெரும்பாலும் இரட்டித்த மெய் வருவதால் புள்ளியின் வேலை என்ன என்பதும் அங்கேயே புரிந்துவிடும். அதற்கப்புறம் 'கல்' வரும்போது வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்: "நாம பேசும்போது கல்லுன்னு சொல்றோம்ல, புத்தகத்துல கல்னு எழுதுவாங்க." குழந்தைகள் இதைச் சுலபமாக ஏற்றுக்கொள்வார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு விதப் பேச்சு தெரியும், கதை சொல்பவரின் குரல் வேறு, வீட்டுக் குரல் வேறு.

இதற்கு மருந்து தினமும் வாசித்துக் காட்டுவது. கதையைப் பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லாமல், அச்சில் உள்ளபடியே, "ராஜா காட்டுக்குப் போனார்" என்றே வாசியுங்கள். வாசித்த பிறகு பேச்சில் பேசிக்கொள்ளலாம். 'சென்றான்', 'அவர்கள்', 'இருக்கிறது' இவையெல்லாம் காதில் விழுந்து பழகியிருந்தால்தான் கண்ணில் படும்போது முழுச் சொல்லாகப் பிடிபடும். இல்லாவிட்டால் "இ-ரு-க்-கி-ற-து" என்று ஆறு கல்லைத் தாண்டி மறுகரையில் யாருமில்லாத மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று: நம்முடைய எழுத்துக்கு ஒரே ஒலி இல்லை. 'கல்'லில் வரும் க வேறு, 'காகம்' நடுவில் வரும் க வேறு, 'தங்கம்' வேறு, 'பக்கம்' வேறு. ட-வும் அப்படியே: பட்டம், படம், வண்டி. ச-வைப் பாருங்கள்: பச்சை, பாசம், மஞ்சள், மூன்று இடத்தில் மூன்று ஒலி. பெரியவர் யாரும் இதைக் கவனிப்பதில்லை, வாய் தானாக மாறுகிறது. எழுத்துக்கூட்டும் குழந்தை 'காகம்' என்பதைக் "காக்கம்" என்று படித்தால் அது கவனக்குறைவு கிடையாது, சொல்லிக்கொடுத்த ஒலியை அப்படியே பயன்படுத்துகிறது. விதி சொல்ல வேண்டாம். "காக்கம்னு ஒண்ணு இருக்கா? அது மாதிரி ஒலிக்கிற சொல் எது இருக்கு?" என்று கேளுங்கள், அதுவே 'காகம்' என்று திருத்திக்கொள்ளும். திருத்திக்கொள்ள அந்தச் சொல் அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் ஆரம்பத்தில் தெரியாத சொல்லே கூடாது என்கிறேன். கரும்பலகை சொன்ன பொருளில்லாச் சொற்கள் சோதனைக்கு மட்டும், பயிற்சிக்கு அல்ல.

காதுக்கு விளையாட்டு: எழுத்தே இல்லாமல் ஜோடிச் சொல் சொல்லிக் கேளுங்கள். கல்–கால், படு–பாடு, விடு–வீடு, முடி–மூடி, எடு–ஏடு, கொடு–கோடு. நெடிலுக்குக் கையை நீட்டணும், குறிலுக்கு ஒரு தட்டு. அது பிடிபட்டதும் படம்–பட்டம், பாடு–பாட்டு, அடை–அட்டை, இலை–இல்லை. 'பட்டம்' என்று நீங்கள் சொல்லி, குழந்தை 'படம்' என்று எழுதுகிறதென்றால் புள்ளியை மறந்தது என்று நினைக்க வேண்டாம். 'ட்'டில் ஒலி ஒரு நொடி தங்குவதைக் காது இன்னும் பிரித்துக் கேட்கவில்லை.

---

பனையோலை எழுதியது:

'இ' விஷயம் தோன்றவே இல்லை. நன்றி. அடுத்த படி கேட்கிறேன்: துணைக்கால் வரைக்கும் வந்த பிறகு எந்த வரிசை? 'கெ, கே' காட்டினால் முதலில் கொம்பைப் பார்த்து "எ… க…" என்கிறாள். கு, சு, து எல்லாம் தனித்தனி எழுத்து என்றே நினைக்கிறாள்.

---

கரும்பலகை எழுதியது:

"எ… க…" என்பதும் நியாயமான வாசிப்புதான், இடமிருந்து வலம் படி என்று நாம்தானே சொன்னோம். கொம்பு முன்னால் எழுதப்படும், பின்னால் ஒலிக்கும். அதனால் கொம்பை ஆரம்பத்தில் கொண்டுவராதீர்கள். என் வரிசை: முதலில் ா, அடுத்து ி, ீ, பிறகு உகரம், அதன்பின் ெ, ே, ை, கடைசியில் ொ, ோ. ௌ வார்த்தை வரும்போது மட்டும். அதற்கு அவசரமே இல்லை. வந்தாலும் 'மௌனம்' என்பதை "மெளனம்" என்று படிக்கும், ஏனென்றால் பின்னால் நிற்பது அச்சு அசலாக ள.

கொம்புக்கு அட்டை வித்தை: 'க' ஓர் அட்டை, 'ெ' சின்ன அட்டை. முதலில் க-வை வைத்துச் சொல்லுங்கள். பிறகு கொம்பை இடது பக்கம் நகர்த்திக்கொண்டு வந்து ஒட்டி, ஒட்டும் நொடியில் "கெ" என்று சொல்லுங்கள். கொம்பு தனியாக எந்த ஒலியும் தராது, பக்கத்தில் இருப்பவரை மாற்றுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கணும். கொம்புக்கும் க-வுக்கும் நடுவில் இடைவெளி விட்டு எழுதவே கூடாது. 'கொ' வரும்போது இதே அட்டையோடு காலையும் வலது பக்கம் சேருங்கள். புதுக் குறியே தேவையில்லை.

கணக்கைச் சொன்னால் பெற்றோருக்கு நிம்மதியாக இருக்கும். உயிர்மெய் 216 என்பது பயமுறுத்தும் எண். அதில் அகர வரிசை 18 மெய்யின் வடிவமே, புள்ளி மட்டும் இல்லை. உ, ஊ வரிசைகள் 36. மீதி ஒன்பது வரிசையும் சேர்த்து 162, ஆனால் அவற்றுக்கு உண்மையில் கற்க வேண்டிய புதுக் குறிகள் ஆறே ஆறுதான்: ா, ி, ீ, ெ, ே, ை. டி, டீ மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகக் கடினம் முழுவதும் அந்த 36-இல்தான்.

அந்த 36-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம், குடும்பமாகப் பிரியுங்கள். பு, யு, வு, சு: கீழே ஒரு கோடு இறங்குகிறது. து, நு, னு, ணு, லு, று, ஞு: கீழே இறங்கி வலப்பக்கம் வளைந்து மேலே ஏறுகிறது. இந்தக் குடும்பத்தில் நெடில் வேண்டுமானால் ஒரு கால் சேர்த்தால் போதும்: தூ, நூ, னூ, லூ. டு, மு, ரு, ழு, ளு: அடியைச் சுற்றி வருகிறது. கு, கூ தனிக் குடித்தனம். வாரத்துக்கு ஒரு குடும்பம். ங வரிசையில் 'ங்' தவிர எதுவும் வேண்டாம், 'ஙீ' வரும் வார்த்தையைப் பெரியவர்களே யோசித்துச் சொல்ல முடியாது.

கண்ணை ஏமாற்றும் சில ஜோடிகளை ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தக் கூடாது: எ–ஏ, ஒ–ஓ, ர–ா. கடைசி ஜோடிதான் மோசம். ர-வின் அடியில் சாய்ந்த கோடு உண்டு, துணைக்காலுக்குக் கிடையாது. சில அச்சில் 'ரி', 'ரீ' எழுதும்போது அந்தச் சாய்கோட்டை விட்டுவிடுகிறார்கள், குழந்தை காலைப் பார்க்கிறதா ர-வைப் பார்க்கிறதா என்று அதற்கே தெரியாது. புத்தகம் வாங்கும்போது முதலில் 'ரி' எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். மிகப் பழைய புத்தகங்களையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் வேறு வடிவில் அச்சாயின. பாட்டி வைத்திருக்கும் கதைப் புத்தகத்தில் 'யானை' வேறு உருவத்தில் நிற்கும்.

எந்தப் பக்கம் அவளுக்கு ஏற்றது என்று தெரிய: பத்து வார்த்தைக்கு ஒன்றுக்கு மேல் தடுமாறினால் அந்தப் பக்கம் அவள் தனியாகப் படிக்க இன்னும் கடினம். அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். எளிய பக்கத்தையே மூன்று நாள் மூன்று தடவை படிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் தடவை வேகம் வரும்.

---

விரல்நுனி எழுதியது:

எழுத்து பற்றி அவங்க சொல்லியாச்சு, நான் கை பத்தி மட்டும்.

முஷ்டிப் பிடியைப் பேச்சால திருத்த முடியாது. "சரியாப் பிடி" என்று நூறு தடவை சொன்னாலும் அடுத்த நிமிடம் பழைய பிடிக்கே போயிடும். கருவியை மாத்துங்க. மெழுகுக் கிரேயானை உடைச்சு இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டா கொடுங்க. அவ்வளவு சின்னத் துண்டை முஷ்டியில பிடிக்கவே முடியாது, கட்டை விரல், ஆள்காட்டி விரல் நுனி, நடுவிரலோட பக்கவாட்டு, இந்த மூன்றும் தானா வேலைக்கு வரும். பென்சில் என்றால் ஐந்தாறு சென்டிமீட்டர் துண்டு, முக்கோண வடிவம் கிடைச்சா நல்லது. நீளமான புதுப் பென்சில்தான் இந்த வயசுக்கு மோசம்.

நேர்க்குத்தா நிற்கும் பரப்புல எழுத வையுங்க: சுவரில் ஒட்டின தாள், கரும்பலகை. மணிக்கட்டு தானா சரியான கோணத்துக்கு வரும், தோள்பட்டைக்கும் பலம். மேசையில உட்கார்ந்தா பாதம் இரண்டும் தரையில படணும். எட்டலைன்னா கீழே ஒரு பெட்டி வையுங்க. மேசை முழங்கை உயரத்துக்கு இருக்கணும். கால் தொங்கிட்டிருந்தா உடம்பு சாயாம இருக்கவே பாதிச் சக்தி போயிடும், எழுத்து கோணும், நாம கையைக் குறை சொல்வோம்.

எழுத்துக்கு முன்னாடி கோடு. பொதுவா குழந்தை மூன்று வயசு வாக்கில் வட்டம், நாலு வாக்கில் கூட்டல் குறி, நாலரை வாக்கில் சதுரம், ஐந்து வாக்கில் முக்கோணம் பார்த்து வரையும். ஆறு மாதம் முன்பின் ஆகலாம். வட்டத்தை மூட முடியாத கை 'அ'வோட சுழியைப் போட முடியாது. தமிழெழுத்து முக்காலும் சுழியும் வளைவும்தான். அதனால தினமும் ஐந்து நிமிடம் சுழி மட்டும்: மணல்ல விரலால், காத்துல முழுக் கையால், பலகையில ஈரத் துணியால். பெரிசா ஆரம்பிச்சு சின்னதா வரணும். வரிசை: ட, ப, அப்புறம் ம, ய, இடப்பக்கச் சுழியில தொடங்குற வ, ல, ன, ண, இதெல்லாம் ஆன பிறகு அ, இ.

தொடக்கப் புள்ளியைப் பச்சை நிறத்துல காட்டுங்க. குழந்தை கீழிருந்து மேலே போட்டா வடிவம் சரியாத்தான் தெரியும், பின்னாடி வேகமா எழுத வரும்போது அது உடைஞ்சு போகும். ஆகவே எழுதி முடிச்ச எழுத்தைப் பார்க்காதீங்க, எழுதுற கையைப் பாருங்க.

நோட்டு: நாலு கோடு வேண்டாம். ஆரம்பத்துல கோடில்லாத தாள், அடுத்து இரண்டு சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாள். மேலே இகரக் குறியான விலங்கு ஏறும் (கி), கீழே உகரம் இறங்கும் (பு), இரண்டுக்கும் இடம் விட்டு வரி வரியா தள்ளி எழுதணும்.

இடக்கைக் குழந்தையா இருந்தா மாத்தவே கூடாது. தாளோட மேல்முனையை வலப்பக்கமா சாய்ச்சு வையுங்க, பென்சிலை முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் மேலே பிடிக்கட்டும், எழுதினது கைக்கு மறையாது. வலக்கைக்குச் சாய்வு எதிர்ப்பக்கம்.

திருப்பி எழுதுறது ஏழு வயசு வரைக்கும் சாதாரணம். 3, 7 கூடத் திரும்பும். நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பினாலும் நாற்காலிதான்னு இத்தனை நாள் படிச்ச மூளைக்கு, எழுத்துக்கு மட்டும் திசை முக்கியம்னு புதுசா தெரியணும் இல்லையா.

---

இரட்டைவரி எழுதியது:

எல்லோரும் எழுத்துப் பயிற்சியை ஏதோ பழைய கொடுமை மாதிரிப் பேசுகிறீர்கள். திரும்பத் திரும்ப எழுதாமல் கை பழகுமா? ஒரு பக்கம் எழுதினால்தான் எழுத்து அழகாக வரும், மனதிலும் பதியும்.

---

விரல்நுனி எழுதியது:

பழகணும், மறுக்கலை. ஆனா ஒரு பக்கம் 'அ' எழுதின தாளை எடுத்து மேலிருந்து கீழே பாருங்க. முதல் வரி நல்லா இருக்கும், நாலாவது வரியில சுழி சுருங்கும், கடைசி வரியில அது 'அ'வே இல்லை. தன் மேல் வரியைப் பார்த்து எழுதுறதால பிழையும் சேர்ந்து பழகுது. ஐந்து தடவை எழுதச் சொல்லுங்க, "இதுல உனக்கு எது பிடிச்சது?"னு கேட்டு அதை வட்டம் போடச் சொல்லுங்க. நாளைக்கு இன்னொரு ஐந்து. ஒரு மாதத்துல நூற்றைம்பது ஆயிடும், ஒண்ணும் குறையாது.

விரல் நுனி வெளுக்கிற அளவு அழுத்தினா, கை வலிக்குதுன்னா, அன்னைக்கு நிறுத்திடுங்க.

---

கரும்பலகை எழுதியது:

இரட்டைவரி ஐயா, பார்த்து எழுதுவது கைப்பயிற்சி, எழுதக் கற்பது வேறு. பலகையைப் பார்த்து 'பட்டாம்பூச்சி' அழகாக எழுதிவிட்டு அது என்னவென்று தெரியாத குழந்தைகள் நிறைய. சொன்னதைக் கேட்டு எழுதுவது தினமும் மூன்றே மூன்று சொல், அதுவும் நேற்றுப் படித்த சொல். அதற்குமேல், அவளாக ஏதாவது எழுதட்டும்: படத்துக்குக் கீழே பெயர், யாருக்காவது ஒரு சீட்டு.

'அமா' என்று எழுதினால் சிவப்பு மையைத் தொடாதீர்கள். அதில் அவளுக்கு என்னென்ன தெரியும் என்று பாருங்கள்: அ தெரியும், ம-வுக்குக் கால் போட்டால் நீளும் என்று தெரியும். தெரியாதது ஒரு புள்ளிவைத்த ம் மட்டும். "அம்…மா" என்று நடுவில் நிறுத்திச் சொல்லி, "அம்-முக்கு என்ன போட்ட?" என்று கேளுங்கள். கேட்டும் வரவில்லையென்றால் கீழே சரியாக எழுதிக் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

---

செவிவழி எழுதியது:

ண, ன, ந கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது. இப்போதைக்குப் படித்தால் போதும், எழுதும்போது மாறினால் திருத்த வேண்டாம். பேச்சில் ண-வும் ன-வும் பலருக்கு ஒன்றாகத்தான் ஒலிக்கிறது, கேட்டு எழுதும் குழந்தை எதை வைத்துப் பிரிக்கும்? ஏழு வயது வாக்கில் சொல்லிக்கொடுக்கும்போது "மூணு சுழி, ரெண்டு சுழி" என்று சுழியை எண்ண வைப்பதைவிடப் பழைய பெயர்கள் கைகொடுக்கும்: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட-வுக்கு முன் ண் (வண்டி), த-வுக்கு முன் ந் (பந்து), ற-வுக்கு முன் ன் (கன்று). பெயருக்குள்ளேயே விதி இருக்கிறது. ங்க, ஞ்ச, ம்ப ஜோடிகளையும் அதே மூச்சில் சேர்த்துக்கொள்ளலாம். சொல்லின் தொடக்கத்தில் பெரும்பாலும் ந-தான் என்பதையும் சேர்த்தால் பாதிப் பிழை போய்விடும். ல, ள, ழ-வுக்கு இப்படி வசதியான விதி இல்லை. வால்–வாள், பல்லி–பள்ளி, கிலி–கிளி என்று சொல்லோடு சேர்த்துத்தான் பழக வேண்டும், அதுவும் நாம் ழ-வை ழ-வாக உச்சரித்தால்.

எப்போது கவலைப்படலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தரையில் எழுத்தைக் கூட்ட வராதது குறை இல்லை. ஒழுங்காக, இந்த மாதிரிப் படிப்படியாக ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தும் ஏழு வயதுக்கு மேல் மூன்றெழுத்துச் சொல் சேரவில்லை. நேற்று நன்றாகத் தெரிந்த எழுத்து இன்று அடியோடு மறந்துபோகிறது. 'கல்–பல்' ஒரே மாதிரி முடிகிறது என்பது காதுக்குப் பிடிபடவே இல்லை. குடும்பத்தில் வேறு யாருக்கோ படிப்பதில் இதே சிரமம் இருந்தது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் டிஸ்லெக்சியா (படிப்பதில் வரும் கற்றல் சிரமம்) பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம். அது புத்திக்குறைவு இல்லை, வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

அதற்கும் முன்னால் காதையும் கண்ணையும் பார்த்துவிடுங்கள். சளி பிடித்த பிறகு நடுக்காதில் நீர் தங்கினால் வலியே இல்லாமல் வாரக்கணக்கில் கேட்கும் திறன் குறையும். அப்போது ல்–ள், ட்–ப் எல்லாம் மங்கலாகத்தான் விழும், பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோவது, ஒரு கண்ணை மூடிக்கொள்வது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது இருந்தால் கண் மருத்துவர். இரண்டு சோதனையும் சேர்ந்து ஒரு நாள் வேலைதான்.